‘குரூப்ல போட்டாச்சுங்க’: பனியன் கம்பெனிக்குள் வாட்ஸ்அப் படுத்தும் பாடு

திருப்பூரில் முப்பது நாற்பது பேர் வேலை பார்க்கும் எந்த யூனிட்டுக்குள் நுழைந்தாலும் ஆர்டர் ஓடுவது பாதி டேபிளில், மீதி வாட்ஸ்அப் குரூப்பில். நிட்டிங் ஒரு இடம், சாயம் ஏற்றும் டையிங் வேறு இடம், துணி பிறகு சுருங்காதபடி அழுத்தி எடுக்கும் காம்பாக்டிங் இன்னொரு இடம். பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் வெளியாட்கள் கூலிக்குச் செய்து தரும் ஜாப் ஒர்க். தைப்பதைக்கூட ஆள் வைத்துப் பீஸ் கணக்கில் தைத்துத் தரும் பவர் டேபிள் கான்ட்ராக்டர்தான் பார்க்கிறார். இத்தனை பேரையும் காசு செலவில்லாமல் ஒன்றாகப் பிடித்து வைக்க வாட்ஸ்அப்பை விட்டால் வேறு வழி சின்ன முதலாளிக்குக் கிடையாது. யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, எல்லார் போனிலும் ஏற்கெனவே இருக்கிறது. சொல்லித்தர வேண்டியதில்லை என்பதாலேயே யாரும் அதற்கு ஒரு முறை வைப்பதும் இல்லை. கட்டிங் மெஷினுக்கு முறை வைக்கிறோம், அயர்ன் டேபிளுக்கு முறை வைக்கிறோம், கம்பெனி மொத்தமும் தொங்கிக்கொண்டிருக்கும் குரூப்பை மட்டும் கல்யாண வீட்டுக் குரூப் மாதிரி விட்டுவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் உள்ளதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் எங்கள் யூனிட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். ரவுண்ட் நெக் டீஷர்ட், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி துணி, நேவி ப்ளூ, 1,200 பீஸ். பயரிடமிருந்து, அதாவது சரக்கை வாங்குகிறவரிடமிருந்து, அளவு சார்ட் ஒருமுறை வந்தது, சில நாளில் திருத்தம் வந்தது. எல்லா சைஸிலும் பாடி நீளம் இரண்டு சென்டிமீட்டர் கூடுதல், மற்றதெல்லாம் பழையபடி. பயரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டார். அதன் கீழே கழுத்துப் பட்டைக்கான ரிப் துணி எத்தனை கிலோ வந்தது என்று ஒரு செய்தி, ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து, அதற்கு இருபது கைகூப்பல், டெம்போ நம்பர், ஒரு முருகன் படம். கட்டிங் மாஸ்டர் குரூப்பைத் திறந்தார், பார்த்தார். ஆனால் டேபிளில் ஒட்டியிருந்தது முதல் சார்ட்டின் பிரிண்ட். இரண்டு படமும் போனில் கட்டைவிரல் அளவில் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். சாயந்திரத்துக்குள் முழு லாட்டும் வெட்டியாகிவிட்டது. துணி கொஞ்சம் பெரிதாக வெட்டியிருந்தால் ட்ரிம் செய்யலாம், இரண்டு சென்டிமீட்டர் குறைந்துபோனதை எதை ஒட்டி நீட்டுவது? கிலோவுக்கு நாலரை பீஸ் கணக்கில் ஏறக்குறைய 266 கிலோ துணி. நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கழிவு எல்லாம் சேர்த்துக் கிலோ 420 ரூபாய் வைத்தால் துணி மட்டுமே ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ஆகிறது. வெட்டியதைத் தைத்து, மிஞ்சிய சரக்கு விற்கும் காதர்பேட்டை சந்தையில் தள்ளியதில் கொஞ்சம் திரும்பி வந்தது. புதிதாக நூல் போட்டு ஓட்டி, சாயம் ஏற்றி, ஷேட் பிடித்து முடிப்பதற்குள் கப்பல் தேதி போய்விட்டது. சரக்கு விமானத்தில் ஏறியது, அந்தக் கூடுதல் வாடகை நம் தலையில்.

கோபம் வந்தால் கொட்ட ஒரு ஆள் வேண்டும். இங்கே ஆளே இல்லை. மெர்ச்சண்டைசரைக் கேட்டால் ‘குரூப்ல போட்டாச்சுங்க’ என்றார், உண்மை. மாஸ்டரைக் கேட்டால் ‘போட்டதப் பார்த்தனுங்க, அது பழசுதான்னு நெனச்சனுங்க’ என்றார், அதுவும் உண்மை. ஒருவரும் பொய் சொல்லவில்லை, வேலையிலும் ஏமாற்றவில்லை, லட்ச ரூபாய் மட்டும் காணோம். அந்த வாரம் முழுக்க யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர உணர்ச்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முறையைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது.

முதலில் அந்த நீல டிக். குரூப்பில் நீல டிக் வர வேண்டுமானால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் திறந்திருக்க வேண்டும், ஒருவர் திறக்காவிட்டாலும் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்று தெரிய, நாம் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து, மெனுவில் ‘தகவல்’ என்பதைத் தொட வேண்டும். நீல டிக்கை அணைத்து வைத்திருக்கும் ஆட்களும் குரூப்பில் தப்ப முடியாது, அந்த அமைப்பு தனி அரட்டைக்கு மட்டும்தான். இதெல்லாம் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் டிக் சொல்வது திரை திறந்தது என்பதை மட்டும். வெட்டுவதற்குத் துணியை அடுக்கடுக்காக லே விரித்துக்கொண்டே சாக்பீஸ் கையோடு போனைத் தள்ளிப் பார்க்கிற மனிதர் அதில் எந்த வரியை உள்வாங்கினார் என்று எந்த டிக்கும் சொல்லாது.

அதனால் நாங்கள் போட்ட முதல் முறை, திருப்பிச் சொல்வது. ‘சரிங்க’ செல்லாது. கட்டைவிரல் செல்லாது, கைகூப்பலும் செல்லாது. அளவு, எண்ணிக்கை, கலர், தேதி இந்த நான்கில் எது மாறினாலும், வாங்கிக்கொள்கிறவர் அந்தச் செய்தியை வலப்பக்கம் இழுத்து, அதற்கே பதிலாக, ஆர்டரின் ஸ்டைல் நம்பரோடு எண்ணை மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டும்: ‘2417, எல் நீளம் 74, மூணாவது சார்ட், பழசு கிழிச்சாச்சு.’ இந்த வரி வராமல் கத்தி துணியில் படக்கூடாது. அரை மணி நேரத்தில் வரவில்லை என்றால் அனுப்பியவர் போன் பண்ண வேண்டும், பண்ண வேண்டியது அனுப்பியவருடைய வேலை. ஆரம்பத்தில் மாஸ்டருக்குக் கோபம். ‘என்னைய ஸ்கூல் பையனாட்டம் எழுதச் சொல்றீங்க’ என்றார். ஒருநாள் அவர் திருப்பி எழுதிய எண்ணில்தான் மெர்ச்சண்டைசர் தன்னுடைய தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு யாராவது திருப்பி எழுதாவிட்டால் முதலில் சத்தம் போடுபவர் மாஸ்டர்தான்.

சார்ட்டை அனுப்பும் விதத்திலும் கவனம் வேண்டும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் ஓரளவுக்குத்தான் தப்பும். சிறிய எழுத்தில் இருக்கும் 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரிவது அங்கேதான். பேப்பர் கிளிப் குறியைத் தொட்டு ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் சுருங்காமல் அப்படியே போகும், 2 ஜிபி வரை ஏற்கும். பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது இன்னும் நல்லது, ஏனென்றால் கேலரியில் போய் விழுந்து பழைய படங்களோடு கலக்காது, கோப்பின் பெயரும் கண்ணுக்குத் தெரியும். பெயரில் ஸ்டைல் நம்பர், எது பற்றியது, எத்தனையாவது திருத்தம், தேதி நான்கும் இருக்கட்டும்: ‘2417-அளவு-3-மே12’. ‘ஃபைனல்’ என்ற வார்த்தையைக் கோப்புப் பெயரில் தடை செய்துவிடுங்கள். ஃபைனலுக்குப் பிறகு நியூ ஃபைனல் வரும், அதற்குப் பிறகு லாஸ்ட் ஃபைனல் வரும், எது கடைசி என்று கடவுளுக்கே தெரியாது. புதிய சார்ட் போட்டதும் பழையதை ‘எல்லோருக்கும் நீக்கு’ கொடுத்து எடுக்க வேண்டும். அனுப்பி ஏறக்குறைய இரண்டரை நாள் வரைக்கும்தான் அந்த வசதி, அதற்குமேல் உங்கள் போனிலிருந்து மட்டுமே போகும். நீக்கினாலும் வேறு குரூப்புக்கு ஃபார்வர்ட் ஆனது போகாது, டேபிளில் ஒட்டிய பிரிண்ட் போகவே போகாது. அதனால்தான் திருப்பிச் சொல்லும் வரியில் ‘பழசு கிழிச்சாச்சு’ என்பதையும் சேர்த்தோம்.

செய்தியை அனுப்பிய பிறகு 15 நிமிடத்துக்குள் திருத்தும் வசதியும் இருக்கிறது. வீட்டுக் குரூப்பில் அது வரம், கம்பெனிக் குரூப்பில் ஆபத்து. 400 என்று போட்டதைப் பத்து நிமிடம் கழித்து 450 ஆக்கினால், ஏற்கெனவே படித்தவருக்குப் புதிதாக மணி அடிக்காது. ‘திருத்தப்பட்டது’ என்று பொடி எழுத்தில் ஒரு குறி மட்டும் விழும். அவர் 400-ஐ நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். எண்ணில் தப்பு வந்தால் திருத்தக்கூடாது, ‘மேலே உள்ளது தப்பு, 400 இல்லை 450’ என்று புதிய செய்தி போட வேண்டும், அதற்கும் திருப்பிச் சொல்லல் வர வேண்டும்.

எண்ணைப் பற்றியே இன்னொன்று. உள்நாட்டு பனியன், ஜட்டி ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ‘85 40 அனுப்புங்க’ என்று ஒரு செய்தி. 85 சைஸ் பனியனா, 85 பீஸா? 40 என்பது டஜனா, பெட்டியா, கிலோவா? அனுப்பியவர் மனதில் தெளிவாக இருக்கும். பேக்கிங்கில் நிற்பவருக்கு அவர் மனம் தெரியாது. 80, 85, 90, 95, 100 என்று சைஸே எண்ணாக இருக்கும் தொழிலில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லாத செய்தி செல்லாது என்று சொல்லிவிட வேண்டும். ‘சைஸ் 85, 40 டஜன், ஒயிட்.’ தேதியையும் 5/6 என்று எழுதாமல் ஜூன் 5 என்றே எழுதட்டும். பயர் எந்த நாட்டுக்காரர் என்பதைப் பொறுத்து 5/6 மே மாதமாகவும் ஆகும்.

வாய்ஸ் நோட் இல்லாமல் இனி எந்த யூனிட்டும் ஓடாது, தடை போடுவது வீண். தைக்கிற இடத்து இரைச்சலில் நின்று தட்டச்சு செய்ய யாருக்கும் பொறுமை இல்லை. ஆனால் அதைத் தேட முடியாது என்பது பெரிய தொல்லை. மூன்று வாரம் கழித்து ரிப் பாக்கி எவ்வளவு என்று சண்டை வரும்போது, நாற்பது வாய்ஸ் நோட்டை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். இதற்கு ஒரு எளிய வழி, வாய்ஸ் நோட் போட்டவர் அதன் கீழேயே ஒரு வரி தட்டச்சு செய்வது: ‘2417 நேவி ரிப் 40 கிலோ பாக்கி’. அதையும் கையால் அடிக்க வேண்டாம், கீபோர்டில் தமிழை வைத்து மைக் குறியைத் தொட்டுப் பேசினால் எழுத்தாகவே விழும், எண் சரியாக விழுந்ததா என்று மட்டும் பார்த்து அனுப்பலாம். போட்டோவுக்கும் இதே கதைதான். கறை விழுந்த பீஸைப் படம் எடுத்து வெறுமனே போட்டால் அது எந்த ஆர்டர் என்று அடுத்த மாதம் யாருக்கும் தெரியாது. படத்தின் கீழே ஸ்டைல் நம்பர் இல்லாவிட்டால் அந்தப் படம் இல்லாத மாதிரி. குரூப்பில் தேடல் பெட்டியில் 2417 என்று போட்டால் அந்த ஆர்டர் சம்பந்தமான அத்தனையும் வரிசையாக வந்து நிற்க வேண்டும், அந்த ஒன்றுக்காகத்தான் இந்த ஒழுங்கெல்லாம்.

கலரைப் பற்றி ஒரு பாரா தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அளவை விடப் பெரிய நஷ்டம் அங்கேதான் காத்திருக்கிறது. டையிங்கிலிருந்து போட்டோ எடுத்துப் போட்டு ‘ஷேட் ஓகேங்களா, இறக்கிடலாமா’ என்று கேட்பார்கள். பாத்திரத்தில் துணி ஓடிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு நிமிடமும் காசு, அவசரம் நியாயமானதுதான். ஆனாலும் போனில் பார்த்து ஓகே சொல்லக்கூடாது. அங்கே கேமரா வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாக நிறத்தை மாற்றுகிறது, இங்கே திரை இன்னொரு விதமாகக் காட்டுகிறது, இரவு நேரத்தில் கண்ணுக்கு இதமாகத் திரையை மஞ்சளாக்கி வைத்திருந்தால் போச்சு. நேவியும் கறுப்பும் சேர்கிற இடம், மெரூனும் வைனும் சேர்கிற இடம், பழுப்பு வகைகள் எல்லாம் போன் கேமராவுக்குப் பிடிபடாது. துணியையே வெளிச்சம் மாற்றிப் பார்த்தால் வேறாகத் தெரியும், அதற்காகத்தானே லைட் பாக்ஸில் டி65 பகல் வெளிச்சத்திலும் டிஎல்84 கடை வெளிச்சத்திலும் வைத்துப் பார்க்கிறோம். ஒப்புதல் ஆன லேப் டிப்பை (முன்கூட்டியே சாயம் ஏற்றிப் பார்த்த மாதிரித் துணி) ஒரு துண்டு டையிங்கிலும் ஒரு துண்டு ஆபீஸிலும் கையெழுத்துப் போட்டு வைத்து, அதோடு வைத்துப் பார்த்துத்தான் ஓகே. குரூப்பில் போடக்கூடியது ‘துண்டு கொடுத்துவிட்டேன், வண்டியில் வருது’ என்பது மட்டும். பக்கத்தில் ஆள் இல்லை என்றால் ஒருவர் பைக்கில் போய்ப் பார்த்து வரட்டும், அந்த ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது குரூப்பை எப்படிப் பிரிப்பது. பெரும்பாலும் ஒரே குரூப்பில் ஆபீஸ், சூப்பர்வைசர், ஜாப் ஒர்க்காரர்கள், டிரைவர் எல்லோரும் இருப்பார்கள். ஒரு பவர் டேபிள் கான்ட்ராக்டருக்குப் பீஸ் ரேட் ஐம்பது பைசா கூட்டிக் கொடுத்ததை அக்கவுண்ட்ஸ் பெண் தெரியாமல் அங்கே போட்டுவிட்டால், அடுத்த சனிக்கிழமை சம்பளத்துக்குள் மற்ற எல்லா கான்ட்ராக்டரும் அதே ஐம்பது பைசாவுக்கு வந்து நிற்பார்கள். தவிர, பிரிண்டிங்காரர் நமக்கு மட்டும் வேலை செய்வதில்லை, அடுத்த தெருக் கம்பெனிக்கும் செய்கிறார். நம் பயரின் டிசைன் அவர் போனில் கிடக்கிறது. எனவே ஆளை வைத்துப் பிரிக்காமல் வேலையை வைத்துப் பிரியுங்கள். விலை, பயர், பணம் பேச ஆபீஸ் குரூப் ஒன்று, அதில் நாலைந்து பேர் போதும். வெட்டுவதும் தைப்பதும் ஒன்று. டிஸ்பாட்ச் ஒன்று. ஜாப் ஒர்க்காரர் ஒவ்வொருவரோடும் தனித்தனி, ஒருவர் இன்னொருவரைப் பார்க்கவே கூடாது. லீவு, கரண்ட் கட், சம்பள நேரம் சொல்ல அட்மின் மட்டும் பேசக்கூடிய அறிவிப்புக் குரூப் ஒன்று. முருகன் படத்துக்கும் பிறந்தநாளுக்கும் ஒரு பொதுக் குரூப் கட்டாயம் வேண்டும். அதை ஒழிக்க நினைக்காதீர்கள், ஒழித்தால் அதெல்லாம் கட்டிங் குரூப்புக்குத்தான் வந்து சேரும். குரூப்புகளின் பெயர் எல்லாம் கம்பெனிப் பெயரிலேயே ஆரம்பித்தால் அவசரத்தில் மாறிப் போய்விடும், முதல் வார்த்தையே ‘கட்டிங்’, ‘டிஸ்பாட்ச்’ என்று இருக்கட்டும். டிபியும் வேறு வேறு நிறத்தில் வைத்துவிட்டால் கண்ணே கண்டுபிடித்துவிடும்.

கம்யூனிட்டி வசதியில் இந்தக் குரூப்புகளை எல்லாம் ஒரே கூரைக்குள் கொண்டுவரலாம். அதன் பெரிய பயன், ஆள் வேலையை விட்டுப் போகும் நாளில்தான் தெரியும். கம்யூனிட்டியிலிருந்து ஒருமுறை நீக்கினால் உள்ளே இருக்கும் எல்லா குரூப்பிலிருந்தும் போய்விடுவார். ஒரு எச்சரிக்கை, ஜாப் ஒர்க்காரர்களின் குரூப்பை அதற்குள் சேர்க்க வேண்டாம், வேறு என்னென்ன குரூப் இருக்கிறது என்று அவர்கள் பட்டியல் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

நம்பர் யாருடையது என்ற கேள்வியைத் திருப்பூரில் பெரும்பாலும் ஆள் போன பிறகுதான் கேட்கிறோம். மெர்ச்சண்டைசர் சொந்த நம்பரிலேயே பயரோடு பேசி, சொந்த நம்பரிலேயே குரூப்பைத் தொடங்கியிருப்பார். அவர் போனால் பயரும் போவார், பேச்சு வரலாறும் போகும். குரூப்பில் இருந்த ஒரே அட்மின் வெளியேறினால் வாட்ஸ்அப் தானாக யாரோ ஒருவரை அட்மின் ஆக்கிவிடும், அது ஹெல்ப்பராகவும் இருக்கலாம். கம்பெனிப் பெயரில் சிம் வாங்கி, ஆபீஸ் போனில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு அந்த நம்பரே எல்லா குரூப்பையும் தொடங்கட்டும், கூட இன்னொரு அட்மினும் இருக்கட்டும். புது சிம் வேண்டாம் என்றால் ஆபீஸ் லேண்ட்லைன் நம்பரிலேயே வாட்ஸ்அப் பிசினஸைப் பதிவு செய்யலாம், சரிபார்க்கும் எண்ணை மெசேஜுக்குப் பதில் போன் அழைப்பில் சொல்வார்கள். இரண்டடுக்கு சரிபார்ப்பைப் போட்டு, அந்த ஆறு இலக்க எண்ணை முதலாளி வைத்துக்கொள்ள வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் யார் யார் வாட்ஸ்அப் திறந்து கிடக்கிறது என்று ‘இணைத்த சாதனங்கள்’ பகுதியில் மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரு கணக்கோடு நான்கு சாதனம் வரை இணைக்கலாம், அதில் ஒன்று பழைய ஆளின் வீட்டு லேப்டாப்பாகவும் இருக்கலாம். மூலப் போனையே 14 நாள் திறக்காவிட்டால் இணைத்தவை எல்லாம் தானாகக் கழன்றுவிடும், ஆபீஸ் போன் டிராயரில் கிடந்து ‘கம்ப்யூட்டர்ல வரலைங்க’ என்று ஆள் தேடுவது இதனால்தான்.

பணம் பற்றிய செய்தியில் மட்டும் யார் மீதும் நம்பிக்கை வைக்கக்கூடாது. முதலாளியின் போட்டோவை டிபியாக வைத்த புது நம்பரிலிருந்து ‘மீட்டிங்கில் இருக்கிறேன், இந்த அக்கவுண்டுக்கு உடனே போடு’ என்று அக்கவுண்ட்ஸுக்குச் செய்தி வருவது இப்போது வழக்கமான மோசடி. நூல்காரர் பெயரில் ‘பேங்க் மாறிவிட்டது’ என்று புது அக்கவுண்ட் நம்பர் வருவதும் அதே வகை. புது அக்கவுண்ட், மாறிய அக்கவுண்ட், அவசரப் பணம் மூன்றுக்கும், ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் நம்பரில் கூப்பிட்டுக் குரலைக் கேட்ட பிறகே பணம். செய்தி வந்த நம்பரில் கூப்பிடக் கூடாது. போய்விட்டது என்றால் யோசிக்காமல் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள், சில மணி நேரத்துக்குள் சொன்னால் அந்தப் பணம் வழியில் நிறுத்தப்பட வாய்ப்பு இருக்கிறது. முதலாளி கோபக்காரர் என்றால் இந்த மோசடி சுலபமாகப் பலிக்கும், திரும்பக் கேட்கப் பயந்துகொண்டே பணத்தைப் போட்டுவிடுவார்கள். ‘என்னையவே கூப்பிட்டுக் கேட்டியா’ என்று ஒருமுறை திட்டிய இடத்தில் மறுமுறை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

டிஸ்பாட்ச்சில் ஒரே ஒரு சின்ன விஷயம். லாரி நம்பரைப் போட்டோவாக அனுப்பாமல் தட்டச்சாகவும் அனுப்பச் சொல்லுங்கள், சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஈவே பில் போடுகிறவர் அதை அப்படியே நகல் எடுத்து ஒட்டலாம். மண் அப்பிய நம்பர் பிளேட்டில் எட்டும் பூஜ்யமும் குழம்பி, செக்கிங்கில் வண்டி நின்றால் ராத்திரி முழுக்க நமக்குத் தூக்கம் போச்சு. வண்டி மாறினால் பில்லின் பி பகுதியில் நம்பரை மாற்றிக்கொள்ளலாம், பில்லே தப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், வழியில் அதிகாரி சரிபார்த்துவிட்டால் அதுவும் முடியாது. ஆகவே வண்டி கிளம்பும் முன் டிரைவர் ஒருமுறை பில்லை வாங்கிப் பிளேட்டோடு ஒப்பிட்டு ‘சரி’ என்று எழுத வேண்டும்.

2022 அக்டோபர் 25-ஆம் தேதி, தீபாவளிக்கு மறுநாள், மதியம் இரண்டு மணி நேரம்போல வாட்ஸ்அப் நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி இரவில் இன்னும் அதிக நேரம் நின்றது. டிரைவர் நம்பர், டையிங் ஷிப்ட் ஆள் நம்பர், ஈபி நம்பர் எல்லாம் ஒரு தாளில் அச்சடித்து ஆபீஸ் சுவரில் இருந்தால் போதும், அதற்குமேல் இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பதிவுகள்தான் வேறு கதை. குரூப்பில் இருப்பது கணக்கு ஆகாது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் பதிவுகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். போன் கீழே விழுந்து உடைய அவ்வளவு காலம் வேண்டாம். டெலிவரி சலான், பில், ஒப்புதல் ஆன சார்ட் மூன்றும் அன்றன்றே கம்பெனி ஜிமெயில் டிரைவில் ஸ்டைல் நம்பர் போட்ட ஃபோல்டருக்குப் போக வேண்டும். ஜாப் ஒர்க்காரரோடு வழக்கு என்று வந்தால் வாட்ஸ்அப் பேச்சும் சாட்சியாகும்தான், ஆனால் 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழோடு கொடுக்க வேண்டும், வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினால் எதிர்த் தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார். மறையும் செய்திகள் என்ற அமைப்பு எந்தக் கம்பெனிக் குரூப்பிலும் இயங்கிக்கொண்டிருக்கவில்லை என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், யாரோ இடம் மிச்சம் பிடிக்க 90 நாள் என்று வைத்திருப்பார்கள்.

ஓடுகிற ஆர்டர்களுக்கு ஒரு கூகுள் ஷீட் வைத்தோம். ஸ்டைல் நம்பர், எண்ணிக்கை, நடப்பு சார்ட் எத்தனையாவது, துணி வந்தது, வெட்டியது, தைத்தது, பேக்கிங், கப்பல் தேதி. அவ்வளவே. அந்த இணைப்பைக் கட்டிங் குரூப்பின் மேலே பின் செய்து வைக்கலாம், ஒரு குரூப்பில் மூன்று செய்தி வரைக்கும் பின் செய்ய முடியும், அதிகபட்சம் 30 நாள், பிறகு மறுபடியும் செய்ய வேண்டும். குரூப்பில் என்ன பேசினாலும் ஷீட்டில் ஏறாதது நடக்காதது. ஷீட்டைத் திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும், மற்றவர்கள் பார்க்கலாம். எல்லோருக்கும் உரிமை கொடுத்தால் யாரோ விரலால் தடவி ஒரு வரியை அழித்துவிட்டுப் போவார்கள்.

குரூப்பில் திட்டாதீர்கள். நாற்பது பேர் முன்னால் திட்டு வாங்கிய சூப்பர்வைசர் மறுநாள் முதல் கெட்ட செய்தியைக் குரூப்பில் போடவே மாட்டார், ஊசி உடைந்ததும் ஓட்டை விழுந்ததும் பேக்கிங்கில்தான் தெரியவரும். இரவு ஒன்பதுக்குமேல் யோசனை வந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு காலையில் போடுங்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டுப் போய்ச் சோறு உண்ணும் மனிதர் அந்நேரம் படித்தால் படித்த மாதிரிதான், காலையில் பாதி ஞாபகம் இருக்காது. பதினைந்து நிமிடத்துக்குள் நடக்க வேண்டிய எதற்கும் செய்தியே கூடாது, போன்தான்.

வேறு ஆப்புக்கு மாறலாமே என்று கேட்பவர்கள் உண்டு. டெலிகிராமில் புதிதாகச் சேர்கிறவர் பழைய பேச்சைப் பார்க்கலாம், ஒரே குரூப்பில் தலைப்பு வாரியாகப் பிரிக்கலாம், அது நிஜமாகவே நல்ல வசதி. ஸ்லாக் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய செய்தி தெரியாது, சீசனுக்கு சீசன் ரிப்பீட் ஆர்டர் வரும் நம் தொழிலுக்கு அது ஆகாது. சோஹோவின் கிளிக் ஆபீஸுக்குள் நன்றாகவே ஓடுகிறது, ஆள் போனால் கணக்கை மூடினால் போதும், பேச்சு கம்பெனியிடமே இருக்கும். எங்கள் யூனிட்டில் எல்லோர் போனிலும் கிளிக் ஏற்றிப் பார்த்தோம். மாஸ்டரும் டையிங்காரரும் டிரைவரும் ஒரு வாரம் கழித்து அதைத் திறக்கவே இல்லை, அவர்களுடைய மற்ற எல்லா கம்பெனியும் வாட்ஸ்அப்பில்தானே இருக்கிறது. இப்போது விலை, பயர் மெயில், காஸ்டிங் மூன்றும் ஆபீஸில் நாலைந்து பேருக்குள் கிளிக்கில் ஓடுகிறது. வெட்டுவது முதல் லாரி ஏற்றுவது வரை வாட்ஸ்அப். ஒரு ஆர்டர் கப்பல் ஏறியதும், அந்த ஸ்டைலுக்கென்று தனிக் குரூப் இருந்தால், பேச்சை ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து எடுத்து டிரைவ் ஃபோல்டரில் போட்டுவிட்டு, ஜாப் ஒர்க்காரரின் கடைசி பில் பாஸ் ஆகும் வரை குரூப்பைக் கலைக்காமல் வைத்திருக்கிறோம்.